ஒரே தோளுக்கு இரண்டு மதிப்பெண்: கிரேக்க மொழியில் தோள்வலிப் படிவம், ஒரு நிகழ்வு ஆய்வு

எழுபது வயதைக் கடந்த ஒரு கிரேக்கப் பாட்டி. 1960களில் கப்பலில் மெல்பர்ன் வந்தவர். ஏழு மாதமாக வலது தோளில் வலி, இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்த்ததில், தோள் மூட்டைச் சுற்றியிருக்கும் தசைநாண்களில் ஒன்றான சுப்ராஸ்பினேட்டஸில் கிழிசல். கையை முன்பக்கமாகத் தானாக உயர்த்தச் சொன்னால் 95 டிகிரியில் நின்றுவிடும். அறுவை சிகிச்சை வேண்டாம், பயிற்சி செய்து பார்க்கிறேன் என்று சொல்லி என்னிடம் வந்தார். நான் இயன்முறை சிகிச்சையாளர். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி எழுதியிருக்கிறேன்.

மெல்பர்னில் கிரேக்கர்கள் ஏராளம். ஓக்லி பக்கம் போனால் கடைப் பலகை, காபிக்கடைப் பேச்சு எல்லாமே கிரேக்கம்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் கிராமங்களிலிருந்து புறப்பட்டு வந்த தலைமுறை இப்போது முதுமையில் இருக்கிறது. ஆலையிலும் சமையலறையிலும் ஐம்பது வருடம் உழைத்த தோள்கள் வரிசையாக எங்கள் அறைக்கு வருகின்றன. இவர்களில் பலருக்குக் கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான் ஆங்கிலம். தன் வலியைப் பற்றிப் பேச அது போதாது.

முதல் நாள் பாட்டியுடன் பேரன் வந்திருந்தான். நல்ல பையன், பாட்டி மேல் உயிர். தொலைபேசி மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட நேரமில்லை என்று பேரனையே வைத்துக்கொண்டு ஆங்கிலப் படிவத்தை முடித்தேன். அது என் தவறு. அந்தத் தவறு பாட்டியின் மருத்துவக் கோப்பில் எவ்வளவு பெரிய பொய்யாக மாறியிருக்கும் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

படிவம்

தோள்வலிக்கு உலகம் முழுக்க அதிகம் பயன்படும் படிவங்களில் ஒன்று ஸ்பாடி. தோள்வலியையும் அதனால் வரும் இயலாமையையும் அளப்பது. 1991ல் அமெரிக்காவில் வெளியானது. மொத்தம் 13 கேள்விகள். முதல் ஐந்தும் வலியைப் பற்றியவை: மிக மோசமாக இருக்கும்போது எவ்வளவு வலி, வலிக்கிற பக்கம் படுத்தால், உயரமான அலமாரியில் இருக்கும் பொருளை எட்டினால், பிடரியைத் தொட்டால், அந்தக் கையால் ஒன்றைத் தள்ளினால் எவ்வளவு வலி. அடுத்த எட்டும் சிரமத்தைப் பற்றியவை: தலைமுடி அலசுவது, முதுகு தேய்ப்பது, உள்பனியன் அல்லது தலைவழியாக மாட்டும் ஸ்வெட்டர் போடுவது, முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை போடுவது, கால்சட்டை போடுவது, உயரமான தட்டில் பொருளை வைப்பது, 10 பவுண்டு எடையைத் தூக்கிச் செல்வது, பின்பாக்கெட்டிலிருந்து ஒன்றை எடுப்பது.

ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை. வலிப் பகுதியின் கூட்டுத்தொகையை 50க்கு எத்தனை என்று பார்த்து நூற்றுக்கு மாற்றுவோம், சிரமப் பகுதியை 80க்கு. இரண்டின் சராசரி மொத்த மதிப்பெண். கூடினால் நிலைமை மோசம் என்று பொருள். நோயாளிக்குப் பொருந்தாத கேள்வியை விட்டுவிடலாம், அப்போது வகுக்கும் எண்ணையும் குறைக்க வேண்டும். எட்டில் ஒன்று விடுபட்டால் 80க்குப் பதில் 70. இதைக் கணக்கில் மறப்பவர்கள் நிறையப் பேர்.

இந்தப் படிவத்தின் பிறப்பில் ஒரு விஷயம் இருக்கிறது. 1991ல் இதை முதலில் சோதித்தது 37 நோயாளிகளிடம், எல்லோரும் ஆண்கள். பின்பாக்கெட் கேள்வி எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் உள்பக்கம் திருப்பும் அசைவைத்தான் அந்தக் கேள்வி பிடிக்கப் பார்க்கிறது. ஆணுக்கு அது பர்ஸ் எடுக்கும் அசைவு. பெண்ணுக்கு அதே அசைவு வரும் இடம் பிராவின் கொக்கி. அதைப் பற்றி ஸ்பாடியில் ஒரு சொல்லும் கிடையாது.

முதல் தாள்

பேரன் கேட்டு, பாட்டி சொல்லி, நான் வட்டமிட்டேன். வலி: 8, 9, 6, 5, 4. கூட்டினால் 32, நூற்றுக்கு 64. சிரமம்: 4, 5, 3, 2, 1, 6, 3, 0. கூட்டினால் 24, நூற்றுக்கு 30. மொத்தம் 47.

வலி 64 இருக்கும்போது சிரமம் 30 மட்டும்தானா என்று அன்றைக்கே ஒரு உறுத்தல் இருந்தது. வயதானவர்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். கையை 95 டிகிரிக்கு மேல் தூக்க முடியாதவர் தலைமுடி அலசுவதற்கு 4 என்று சொன்னதை நான் நிறுத்திக் கேட்டிருக்க வேண்டும்.

ஒரு வாரம் கழித்து, பயிற்சி தொடங்குவதற்கு முன், கிரேக்க மொழியில் அச்சிட்ட ஸ்பாடியைக் கொடுத்தேன். ரொட்டேட்டர் கஃப், அதாவது தோள் மூட்டைச் சுற்றியிருக்கும் அந்தத் தசைநாண்களில் கிழிசல் உள்ளவர்களிடம் சோதித்து 2016ல் வெளியான கிரேக்க வடிவம் உண்டு. பாட்டியின் நோயும் அதேதான். பேரனை வெளியே உட்காரச் சொன்னேன். பாட்டி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். ஒவ்வொரு வரியையும் விரலால் தடவி, உதடு அசைய வாசித்து, பென்சிலால் மெதுவாக வட்டமிட்டார். கிராமத்தில் ஆரம்பப்பள்ளி வரைக்கும்தான் படிப்பு. இருபது நிமிடம் ஆனது. இடையில் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்து, என்னவோ சொல்லிவிட்டுச் சிரித்தார். "பெதீ மூ" என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. என் பிள்ளாய் என்று அர்த்தம்.

வலி: 8, 9, 8, 6, 5. நூற்றுக்கு 72. சிரமம்: 7, 9, 8, 4, 3, 8, 8, கடைசிக் கேள்வி காலி. 70க்கு 47, நூற்றுக்கு 67. மொத்தம் கிட்டத்தட்ட 70.

அளந்து பார்த்தேன், கை அதே 95 டிகிரியில்தான் நின்றது. தோள் மாறவில்லை, மதிப்பெண் மட்டும் 47லிருந்து 70க்குப் போயிருந்தது.

எங்கே பிசகியது

தொலைபேசியில் ஒரு கிரேக்க மொழிபெயர்ப்பாளரைச் சேர்த்துக்கொண்டு பாட்டியிடம் கேள்வி கேள்வியாகப் பேசினேன். இந்தத் துறையில் இதற்குப் பெயர் அறிதல் நேர்காணல். 'இந்தக் கேள்வி உங்களுக்கு என்ன கேட்கிறது? ஏன் இந்த எண்ணைப் போட்டீர்கள்?' என்று நோயாளியின் வாயாலேயே சொல்ல வைப்பது. ஒரு படிவத்தை மொழிமாற்றும்போது இதுதான் மிக முக்கியமான கட்டம் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் கை. ஆங்கிலத்தில் மணிக்கட்டுக்குக் கீழே ஒரு சொல், தோள் வரைக்கும் இன்னொரு சொல். கிரேக்கப் பேச்சில் இரண்டுக்கும் ஒரே சொல்: ஹேரி. நம் 'கை' மாதிரியேதான். மேல்கைக்கு வ்ராஹியோனாஸ் என்று தனிச் சொல் உண்டு, ஆனால் அது டாக்டர் வாயில் வருவது. பேரன் ஹேரி என்று கேட்டிருக்கிறான். தள்ளும்போது கை வலிக்குமா என்றதும் பாட்டி உள்ளங்கையையும் விரல்களையும் நினைத்துக்கொண்டு 4 என்றிருக்கிறார். தமிழில் 'கை வலிக்குதா' என்று கேட்டாலும் இந்தச் சிக்கல் வரும். தோள் என்று ஒரு சொல்லைக் கூடவே சேர்த்தால்தான் தீரும்.

அடுத்தது உள்பனியன். இதற்குக் கிரேக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சொல் ஃபனேலா. அதே சொல் கால்பந்து வீரர்கள் போடும் ஜெர்சிக்கும் உண்டு. இருபது வயதுப் பையனுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஜெர்சி, பாட்டிக்கு உள்ளே போடுவது. அவன் பாட்டியைக் கேட்டது பொதுவாக 'சட்டை போட முடிகிறதா' என்றுதான். முன்பக்கம் திறந்த சட்டைக்கும் தலைவழியாக மாட்டுவதற்கும் தோளில் நடப்பது வேறு வேறு அசைவு. அந்த வித்தியாசத்தைப் பிடிக்கத்தான் படிவத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பேரன் வாயில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. அப்புறம், வேறு ஒன்றும் இருந்தது. தன் உள்ளாடையைப் பற்றிப் பேரனிடம் பேசப் பாட்டிக்குக் கூச்சம். 8 என்று சொல்ல வேண்டியவர் 3 என்று சொல்லி முடித்துக்கொண்டார்.

எடை தூக்குவது இன்னும் சுவாரசியம். 10 பவுண்டு என்றால் சுமார் நாலரைக் கிலோ. கிரேக்கத்தில் பவுண்டு கிடையாது. பேரன் 'கொஞ்சம் கனமானது' என்று கேட்டிருக்கிறான். பாட்டிக்குக் கொஞ்சம் கனமானது என்றால் பால் பாட்டில். எண் தெளிவாகக் கிலோவில் இருந்தால்கூட நாலரைக் கிலோ எவ்வளவு என்று யாருக்கு உடனே தெரியும்? மொழிபெயர்ப்பாளர் அம்மா போனில் ஒரு வழி சொன்னார். ஐந்து லிட்டர் ஆலிவ் எண்ணெய் டின். கிரேக்க வீட்டில் அது இல்லாமல் சமையல் ஓடாது. எண்ணெயின் அடர்த்தியைப் போட்டுப் பார்த்தால் ஐந்து லிட்டர் கிட்டத்தட்ட 4.6 கிலோ, பத்துப் பவுண்டுக்கு அவ்வளவு நெருக்கம். அதைக் கேட்டதும் பாட்டி டின்னைத் தூக்குவது போல இடது கையை நீட்டிக் காட்டினார். வலது கையால்? தலையைப் பின்னுக்கு வெட்டி, நாக்கால் 'ச்' என்றார். கிரேக்கத்தில் அது 'இல்லை'. நம் ஊரிலும் அந்த 'ச்'சுக்குச் சில வேளை இதே பொருள்தான்.

பின்பாக்கெட்டுக்குப் பேரன் 0 போட வைத்தது இன்னும் அநியாயம். பாட்டி ஆயுள் முழுக்கப் பாவாடைதான் கட்டியிருக்கிறார். 'பாக்கெட் கிடையாது, அதனால் சிரமமும் கிடையாது' என்பது பேரனின் நியாயம். பொருந்தாத கேள்வி பூஜ்யமாகிவிட்டால் நோயாளி அந்த அசைவில் முழு ஆரோக்கியம் என்று கணக்கு சொல்லும். பிரா கொக்கி மாட்ட முடிகிறதா என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டேன். இப்போதெல்லாம் முன்பக்கம் மாட்டிச் சுற்றிக்கொள்கிறாராம்.

இறுதியாக, எண். கிரேக்க ஆரம்பப்பள்ளியில் மதிப்பெண் பத்துக்குத்தான். பத்து வாங்கினால் உச்சம், அரிஸ்தா. வலிக்குப் பத்து என்றால் மிக மோசம் என்று படிவம் சொல்லும்போது தலைக்குள் பள்ளிக்கூடப் பழக்கம் எதிர்ப்பக்கம் இழுக்கலாம். பாட்டி இதில் குழம்பவில்லை. ஆனாலும் முதல் கேள்வியிலேயே இதைச் சரிபார்த்துவிடுவது நல்லது.

மேசையில் நடக்கும் வேலை

இப்படிப்பட்ட படிவங்களை மொழிமாற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது. 2000ல் பீட்டன், பொம்பார்டியர், கிய்யமான், ஃபெராஸ் என்ற நால்வர் எழுதிய வழிகாட்டுதலைத்தான் பெரும்பாலோர் பின்பற்றுகிறார்கள். கிரேக்கத்தைத் தாய்மொழியாகக் கொண்ட இருவர் தனித்தனியாக மொழிபெயர்ப்பார்கள். ஒருவருக்குத் தோள்நோய் பற்றித் தெரியும். மற்றவருக்கு ஒன்றும் தெரியக்கூடாது, அப்போதுதான் தெருவில் நடப்பவரின் மொழி வரும். இரண்டையும் வைத்து ஒன்றாக்குவார்கள். அப்புறம் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட இருவர், மூலத்தைப் பார்க்காமல், திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவருவார்கள். ஒரு குழு கூடி எல்லாவற்றையும் ஒப்பிடும். கடைசியில் 30 முதல் 40 பேரிடம் கொடுத்துப் பார்த்து, ஒவ்வொருவரிடமும் பேச வேண்டும்.

திரும்ப மொழிபெயர்க்கும் கட்டத்தின் மேல் பலருக்கு அளவுக்கு மீறிய நம்பிக்கை. ஹேரி விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஹேரி என்று எழுதுகிறார். திரும்ப ஆங்கிலமாக்குபவர் இது தோளைப் பற்றிய படிவம் என்று பார்த்ததும் தோள் வரைக்குமான கைக்குரிய ஆங்கிலச் சொல்லைப் போடுவார். மூலத்தோடு அச்சாகப் பொருந்தும், குழுவுக்குத் திருப்தி. பாட்டி மட்டும் விரலை நினைத்துக்கொண்டு 4 போடுவார். இந்தப் பிழையைப் பிடிக்கும் ஒரே வலை நோயாளியிடம் பேசும் அந்த நேர்காணல்.

கிரேக்கத்துக்கே உரிய இன்னொரு முடிச்சு எழுத்து நடை. தமிழருக்கு இது உடனே புரியும். கதரேவுசா என்ற தூய நடையும் தெமொதிகி என்ற மக்கள் நடையும் நூறாண்டுக்கு மேல் மோதின. 1976ல்தான் மக்கள் நடை கல்வி மொழியானது. ஆனால் மருத்துவர்களின் எழுத்தில் பழைய நடையின் வாசம் இன்னும் அடிக்கிறது. 'பாதிக்கப்பட்ட பக்கம்' என்பதற்குப் பாஸ்ஹுசா என்ற பழங்காலப் பெயரெச்ச வடிவம் டாக்டர் பேனாவில் தானாக வந்து விழும். 'வலிக்கிற பக்கம்' என்று எழுதினால் தரம் குறைந்துவிட்டது போல ஒரு உணர்வு. பிடரிக்கு அஃப்ஹேனாஸ் என்று எழுதுவதா, வீட்டில் சொல்லும் ஸ்வேர்கோஸ் என்று எழுதுவதா? படிவத்துக்கு மரியாதையும் வேண்டும், பாட்டிக்குப் புரியவும் வேண்டும். நாம் 'பிடரி' என்பதா 'கழுத்தின் பின்புறம்' என்பதா என்று திணறுவது போலத்தான்.

நினைத்துப் பார்த்தால் மனதைத் தொடும் விஷயம் இது. தோள் மருத்துவத்தின் சொற்களில் பல கிரேக்கர்கள் கொடுத்தவை. தோள் உச்சி எலும்புக்கு உலகெங்கும் டாக்டர்கள் சொல்லும் அக்ரோமியன், அக்ரோன் என்ற நுனியும் ஓமோஸ் என்ற தோளும் சேர்ந்த சொல். ஹிப்போகிராட்டஸ் மரபில் மூட்டுகளைப் பற்றி எழுதப்பட்ட நூல் தோள் நழுவுவதில்தான் தொடங்குகிறது. அந்த மொழிக்காரப் பாட்டிக்கும் தன் தோள் வலியை ஆங்கிலத்தில் செய்த அளவுகோலில் சொல்ல ஒரு மொழிபெயர்ப்பு தேவைப்பட்டது. டாக்டர் மொழி எவ்வளவு வளமாக இருந்தாலும், வலிக்கிறவரின் மொழிக்கு வரத் தனியாக ஒரு படி இறங்க வேண்டும்.

படிவத்தின் தலைப்பிலேயே ஒரு கண்ணி உண்டு. இயலாமைக்கு நேரான கிரேக்கச் சொல் அனபிரியா. அந்தச் சொல்லில் ஊனம், சான்றிதழ், அரசு உதவித்தொகை எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தலைப்பில் அதைப் பார்த்ததும் ஒருவர் பயந்து மதிப்பெண்ணைக் குறைக்கலாம், இன்னொருவர் உதவித்தொகையை நினைத்துக் கூட்டலாம். கேள்விகளில் வருவது 'எவ்வளவு சிரமம்' என்பதுதான். அதற்குத் திஸ்கோலியா என்ற சாதாரணச் சொல் இருக்கிறது, அதில் பயமுறுத்த ஒன்றும் இல்லை.

சைப்ரஸையும் மறக்கக்கூடாது. அங்கே எழுதுவது பொதுக் கிரேக்கம், பேசுவது சைப்ரஸ் வட்டார மொழி. ஏதென்ஸில் சரிபார்த்த தாளை அவர்களால் வாசிக்க முடியும். வாசித்து என்ன புரிந்துகொள்கிறார்கள் என்பதை அங்கேயே ஒரு முறை கேட்டுவிட வேண்டும். மெல்பர்ன் கிரேக்கர்களுக்கும் இதே நியாயம்தான்.

எண்கள் என்ன சொல்கின்றன

மொழி சரியானதும் அளவுகோல் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்கேதான் ஆய்வுக் கட்டுரைகள் வேகமாக எண்களைக் கொட்டிவிட்டு நகர்ந்துவிடும். சிலவற்றை மட்டும் நின்று பார்க்கலாம்.

க்ரான்பாக் ஆல்பா என்பது ஒரு பகுதியின் கேள்விகள் ஒரே திசையில் நகர்கின்றனவா என்று சொல்லும் எண். 0.70க்கு மேல் வேண்டும். 0.95ஐத் தாண்டினால் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம் என்று சந்தேகப்பட வேண்டும். 1991 மூல வடிவத்திலேயே இது 0.86 முதல் 0.95 வரை இருந்தது. ஆல்பா நன்றாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து மொழிபெயர்ப்பு நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எல்லாக் கேள்வியிலும் தோளைக் கையாகப் புரிந்துகொண்டாலும் ஆல்பா உயரமாகவே வரும்.

அடுத்தது திரும்ப அளந்தால் அதே எண் வருகிறதா என்பது. சில நாள் இடைவெளியில் இரண்டு முறை நிரப்பச் சொல்வார்கள். இடைவெளி குறைந்தால் முந்தைய பதில் நினைவில் இருக்கும். நீண்டால் தோளே மாறியிருக்கும். ஒரு வாரம் என்பது நடைமுறைச் சமரசம். இதற்கு, இரண்டு எண்வரிசைகள் சேர்ந்து நகர்கின்றனவா என்று மட்டும் காட்டும் சாதாரண ஒட்டுறவுக் கெழு போதாது. இரண்டாம் முறை எல்லோரும் சரியாகப் பத்துப் புள்ளி கூட்டிப் போட்டாலும் அது 1 என்றே காட்டும். ஐசிசி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கெழுவில் எண்கள் அப்படியே ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் வகை அந்த நகர்வையும் தண்டிக்கும், அதனால் அதைத்தான் கேட்க வேண்டும். மூல ஸ்பாடியின் திரும்ப அளக்கும் நம்பகத்தன்மை 0.64 முதல் 0.66 வரைதான். பின்னால் வந்த பல ஆய்வுகளில் இது கூடுதலாக வந்திருக்கிறது. மூலம் என்பதற்காக மூலத்தில் எல்லாம் சரியாக இருந்தது என்று நினைக்க வேண்டியதில்லை.

நோயாளிக்கு நேரடியாகப் பயன்படுவது இதிலிருந்து கணக்கிடும் இன்னொரு எண். ஓர் உதாரணக் கணக்கு போடலாம். ஒரு குழுவில் மதிப்பெண்ணின் திட்ட விலக்கம் (சராசரியைச் சுற்றி மதிப்பெண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்பது) 22, ஐசிசி 0.90 என்று வைத்துக்கொள்வோம். ஒன்றிலிருந்து 0.90ஐக் கழித்தால் 0.10, அதன் வர்க்கமூலம் 0.316. அதை 22ஆல் பெருக்கினால் சுமார் 7. இதுதான் ஒரு தடவை அளப்பதில் உள்ள பிழை. இரண்டு தடவை அளக்கிறோம், 95 சதவீத உறுதி வேண்டும், எனவே 2.77ஆல் பெருக்குகிறோம். 19 வருகிறது. ஒரு தனி நோயாளி 19 புள்ளிக்கு மேல் மாறினால்தான் தோள் உண்மையிலேயே மாறியது என்று சொல்லலாம். அதற்குக் கீழே உள்ளது அளவுகோலின் நடுக்கமாக இருக்கலாம். ஆங்கில ஸ்பாடிக்கு இந்த எல்லை 18 அளவில் சொல்லப்படுகிறது.

இன்னொரு எண்ணும் புழக்கத்தில் இருக்கிறது. நோயாளியே 'பரவாயில்லை, தேறியிருக்கிறது' என்று உணரும் குறைந்தபட்ச மாற்றம், 8 முதல் 13 புள்ளி. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் சங்கடம் தெரியும். நோயாளி உணரும் மாற்றம் அளவுகோலின் நடுக்கத்தைவிடச் சிறியது. குழுச் சராசரியில் 10 புள்ளிக்கு அர்த்தம் உண்டு. ஒரே ஒருவரின் கோப்பில் 10 புள்ளியை மட்டும் வைத்து நான் எந்த முடிவுக்கும் வர மாட்டேன்.

அளக்க வேண்டியதைத்தான் படிவம் அளக்கிறதா என்ற ஏற்புடைமையைப் பார்க்க ஏற்கெனவே அந்த மொழியில் சரிபார்த்த இன்னொரு படிவம் வேண்டும். தோள் முதல் விரல் வரை முழுக் கையையும் அளக்கும் டேஷ் படிவத்தின் கிரேக்க வடிவம் 2006லேயே வந்துவிட்டது. 30 கேள்வி, அதன் சுருக்கம் 11 கேள்வி. ஸ்பாடியும் அதுவும் எவ்வளவு ஒத்துப்போக வேண்டும் என்று ஆய்வுக்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். எண் வந்த பிறகு 'இதைத்தான் எதிர்பார்த்தோம்' என்று சொல்வதற்கு மதிப்பில்லை. வலியும் சிரமமும் இரண்டு தனிக் காரணிகளா, ஒன்றேதானா என்பதில் மொழிக்கு மொழி முடிவு மாறியிருக்கிறது. உயர அலமாரியை எட்டுவது வலிப் பகுதியிலும் உயரத் தட்டில் வைப்பது சிரமப் பகுதியிலும் இருக்கும்போது இரண்டும் கலந்து போவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

கிரேக்க வடிவம் சோதிக்கப்பட்டது கிழிசல் உள்ளவர்களிடம். மூட்டு இறுகிப்போன 'உறைந்த தோள்' உள்ளவர் நாளைக்கு வந்தால் அதே தாளைக் கொடுப்பேன். ஆனால் மதிப்பெண்ணை வாசிக்கும்போது ஒரு பிடி தள்ளியே வாசிப்பேன். ஸ்பாடிக்குத் தமிழ் வடிவமும் உண்டு, 2012ல் வெளியானது. நம் ஊரில் வேட்டி கட்டியவரிடமும் சேலை கட்டியவரிடமும் அந்தப் பின்பாக்கெட் கேள்வி எப்படிப் போய்ச் சேருகிறது என்பதை அதைப் பயன்படுத்துகிறவர்கள் எல்லோரும் கவனிக்க வேண்டும்.

கேள்வியையே மாற்றிவிடலாமே, பின்பாக்கெட்டுக்குப் பதில் பிரா கொக்கி என்று போட்டுவிடலாமே என்று கேட்கலாம். எனக்கும் கை பரபரக்கிறது. ஆனால் மாற்றிய நொடியில் மற்ற மொழி மதிப்பெண்களோடு ஒப்பிடும் வசதி போய்விடும், அந்தக் கேள்வியை முதலிலிருந்து சோதிக்க வேண்டியும் வரும். இப்போதைக்குக் கேள்வியைக் காலியாக விடச் சொல்லி, 70ஆல் வகுத்து, கொக்கி விஷயத்தைக் கோப்பில் தனியாகக் குறித்துக்கொள்கிறேன்.

பன்னிரண்டு வாரம் கழித்து

சிகிச்சை சாதாரணமானதுதான். படுத்துக்கொண்டு கம்பைப் பிடித்துக் கையை உயர்த்துவது, ரப்பர் பட்டை, தோள்பட்டை எலும்பை நிலைநிறுத்தும் பயிற்சிகள், இரவில் தலையணையை எங்கே வைப்பது என்ற யோசனை. பாட்டி ஒரு நாளும் தவறவில்லை.

பன்னிரண்டாம் வாரம் மறுபடி கிரேக்கத் தாள். வலி: 4, 5, 4, 3, 2. நூற்றுக்கு 36. சிரமம்: 3, 6, 4, 1, 1, 4, 4, கடைசி காலி. 70க்கு 23, நூற்றுக்கு 33. மொத்தம் 34. கை 135 டிகிரி வரை போனது.

கிரேக்கத் தாளின் 70லிருந்து 34 என்றால், தசமத்தோடு பார்த்தால் 69.6லிருந்து 34.4, சுமார் 35 புள்ளி முன்னேற்றம். நடுக்கத்தின் எல்லையைப் போல இரண்டு மடங்கு. சந்தேகமே வேண்டாம்.

பேரன் மொழிபெயர்த்த 47ஐத் தொடக்கமாக வைத்திருந்தால் 47லிருந்து 34, பதிமூன்றுக்கும் குறைவு. 'உறுதியான மாற்றம் இல்லை' என்று எழுதியிருப்பேன். சிரமப் பகுதியை மட்டும் எடுத்தால் இன்னும் மோசம், 30லிருந்து 33. தலைமுடியைத் தன் கையால் அலச ஆரம்பித்துவிட்ட ஒருவர் கொஞ்சம் மோசமாகிவிட்டார் என்று கோப்பு சொல்லியிருக்கும். அதைப் படிக்கும் அடுத்த மருத்துவர் பயிற்சி பலிக்கவில்லை என்று கத்தியைப் பற்றிப் பேசத் தொடங்கியிருப்பார்.

ஒரே தாளை இரண்டு விதமாகக் கூட்டலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பகுதிகளின் சராசரி எடுத்தால் பேரனின் தாள் 47. பதின்மூன்று எண்ணையும் கூட்டி 130ஆல் வகுத்தால் 43. எந்த வழியில் கணக்கிட்டோம் என்பதைக் கோப்பில் எழுதாவிட்டால் இந்த நாலு புள்ளியும் நோயாளி தலையில்தான் விழும்.

கடைசித் தாளில் பின்பாக்கெட் கேள்விக்குப் பக்கத்தில் பாட்டி பென்சிலால் ஏதோ எழுதியிருந்தார். பேரனிடம் காட்டினேன். அவன் வாசித்துவிட்டுச் சிரித்தான். தென் எஹோ த்ஸெபி. எனக்குப் பாக்கெட் இல்லை.